பண்ணை மதகில் நான் நிறுத்திய லஸ்கர்

என் பாசனப் பிரிவில் அந்த வருடம் பதினொரு மதகுகள், அவற்றைத் தூக்கி இறக்க நான்கு லஸ்கர்கள், ஒரு சைக்கிள். குறுவைக்குத் தண்ணீர் குறைவு. முறை வைத்துத்தான் விட்டோம். ஐந்தாவதாகத் தினக்கூலிக்கு நான் எடுத்தவர் நான்கு வருடம் சிறையில் இருந்தவர். கூலிச் சண்டை முற்றிய நாட்களில் ஆயுதக் குழு ஒன்றில் சேர்ந்து, எங்கள் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் பண்ணைக்குத் தீ வைக்கப் போனவர்களில் ஒருவர். வைக்கோல் போர் எரிந்தது. காவலாளிக்குக் கை வெந்தது.

நன்னடத்தை அலுவலர்தான் அவரை அனுப்பினார். "குழுவை விட்டுட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கார்மா. ஆனா வேலை கிடைக்கலைன்னா திரும்ப அங்கதான் போவார்."

எனக்கு இருபத்தாறு வயது. எதையும் எழுதிப் பார்த்தால்தான் புரியும். அவருக்கான வேலைகளை வரிசையாக எழுதினேன்: நீர்மட்டம் குறிப்பது, கரையில் உடைப்பு பார்ப்பது, ஆகாயத்தாமரை அள்ளுவது. கடைசியில் 'பண்ணை மதகுக்கு அனுப்பக் கூடாது' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்தத் தாளை மேசைமேலேயே விட்டுவிட்டேன். அவர் படித்துவிட்டார்.

"எஞ்சினியரம்மா, மத்த மதகையெல்லாம் யார் வேணா தூக்கலாம். அந்த ஒண்ணுல என்னை நம்பலைன்னா, நான் இன்னும் உள்ளேதான் இருக்கேங்க."

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, மதகைத் தூக்கும் இரும்புச் சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

பண்ணையின் முறை காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. நானும் கரையில் நின்றேன். எதிர்க்கரையில் நடவுக்குக் காத்திருந்த பெண்களில் ஒருவர் குரல் கொடுத்தார்.

"என்ன தோழரே, கொளுத்தப் போன வூட்டுக்கே தண்ணி காட்டுறீங்களா?"

"முறை அவங்களுது அக்கா. பதினொண்ணுக்கு உங்களுது" என்றார் லஸ்கர்.

"பத்தரைக்கே மூடேன். யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பண்ணைக் காரியஸ்தர் குடையோடு வந்தார். "இன்னும் அரை மணி ஓடட்டும். மூடினியோ, ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தெரியுமில்ல?"

லஸ்கரின் கழுத்து நரம்பு புடைத்தது. கையில் இருந்ததோ மூன்றடி இரும்பு. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மதகை மூடியவள் நானாகியிருப்பேன்.

அவர் சாவியை மாட்டித் திருகினார். பலகை இறங்கியது. "நேரமும் அளவும் எழுதியிருக்கேன் சார். ஸ்டேஷன்ல இதையும் சொல்லுங்க."

காரியஸ்தர் சொன்னார்தான். மறுநாள் சப்-இன்ஸ்பெக்டரே அலுவலகத்துக்கு வந்தார். லஸ்கர் எழுதிய நோட்டைக் காட்டினேன்: கால் மணிக்கு ஒரு வரி, மொத்தம் பதினேழு, ஒன்றில்கூட அடித்தல் இல்லை. "எங்க டைரியே இவ்வளவு சுத்தமா இருக்காதும்மா" என்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அன்று முழுக்க எனக்கு நடையே மாறியிருந்தது.

வாரக் கடைசியில் லஸ்கர் வந்து நின்றார். "பழைய ஆளுங்க ரெண்டு பேர் மதகுக்கு வந்தாங்கம்மா. திரும்பக் குழுவுக்கு வான்னு கூப்பிட்டாங்க."

பேனாவை மூடி வைத்தேன். "என்ன சொன்னீங்க?"

"ராத்திரி எட்டு மணிக்கு முறை மாத்தணும், அதுவரைக்கும் உக்காருங்கன்னேன். ஏழரைக்கே எந்திரிச்சுப் போயிட்டாங்க."

நன்னடத்தை அலுவலருக்கான மாத அறிக்கையை டைப்பிஸ்டிடம் கொடுக்காமல் நானே எழுதினேன். நான் போட்ட கையெழுத்துகளில் அதற்கு இணையாகப் பெருமைப்பட்டது வேறில்லை.