மூச்சைப் பிடித்துக்கொண்டு தந்த அளவு

உத்திரமேரூரில் என் தையல் கடையில் இஞ்ச் டேப் இரண்டு இருக்கின்றன. மஞ்சள் டேப் வாடிக்கையாளர்களுக்கு. வெள்ளை டேப்பில் முப்பத்தெட்டுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் எண்கள் தேய்ந்து கிடக்கின்றன. அது என் வீட்டுக்காரரை அளந்த டேப்.

அவருக்குக் கல்லீரல் இறுகிப்போனது தெரிந்தபோது குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. விட்ட பிறகா வர வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். இறுகிய கல்லீரலுக்குள் இரத்தம் நுழைய முடியாமல் முட்டுகிறது. அதோடு, ‘சுருங்கு’ என்று உடம்பு அனுப்பும் சேதியை வாங்கிக்கொள்ளும் இடங்கள் வயிற்று இரத்தக் குழாய்களில் மழுங்கிவிட்டன. குழாய்கள் அகன்றே கிடக்கின்றன, இரத்தம் அங்கேயே தேங்குகிறது. சிறுநீரகமோ உடம்பில் இரத்தமே குறைந்துவிட்டது என்று எண்ணி உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அந்த நீர்தான் வயிற்றில் சேர்கிறது. எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன். ஊரார் பாவாடைக்கெல்லாம் எலாஸ்டிக் மாற்றிக் கொடுப்பவள், இதற்கு என்ன செய்வேன்?

தினமும் காலையில் தொப்புளுக்கு நேராக அளந்து எழுத வேண்டும், ஏறினால் உடனே வர வேண்டும் என்றார் டாக்டர். உப்பில்லாத கஞ்சிக்கு முகம் சுளிக்கிற வீட்டுக்காரர், அளவுக்கு மட்டும் ஆசையாக வந்து நிற்பார்.

“இன்னாமே, கொறஞ்சிக்கீதா?”

“கொறஞ்சிதான் கீது.”

மூச்சை இழுத்துப் பிடித்திருப்பார். விலா மேலேறுவதைப் பார்த்தாலே எந்தத் தையல்காரிக்கும் தெரிந்துவிடும். தெரிந்துதான் எழுதினேன். எனக்கும் அந்த எண்தான் வேண்டியிருந்தது.

ஏரி நிரம்பி வழிந்த வாரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அளந்தபோது என் நோட்டில் இருந்ததைவிட மூன்று அங்குலம் கூடுதல். மூச்சைப் பிடிக்க அப்போது அவருக்குத் தெம்பில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார். முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். “சொல்ல முடியாதும்மா” என்றார்.

நேற்று சாலவாக்கத்திலிருந்து ஒரு பெண் சுடிதார் தைக்க வந்தாள். டேப் பட்டதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள். “மூச்ச வுடும்மா” என்றேன். சிரித்துக்கொண்டே விட்டாள். அவரிடம் ஒரு நாள்கூட அதைச் சொல்லவில்லை.

அவள் போன பிறகு வெள்ளை டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரை அளக்கும்போது என் இரண்டு கையும் அவரைச் சுற்றிப் போய் முதுகுக்குப் பின்னால் நுனியைப் பிடிக்கும். என் கன்னம் அவர் மார்பில் படும். எந்த எண் வந்தாலும் சரி, இன்னொரு தடவை அப்படி அளக்க வேண்டும்.