அனீஸா போனில் சொன்ன வரிகள்

நாகப்பட்டினத்துக் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் அனீஸா இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். டிவியோடு இணைத்து ஓட்டும் பழைய கம்ப்யூட்டர்கள் போய், தொண்ணூற்றொன்றில் பிசி வந்தது. இரண்டுக்கும் பேசிக் என்ற ஒரே கம்ப்யூட்டர் மொழிதான் என்றாலும் அதில் எழுதியது இதில் ஓடாது. பழையதில் ஒரு வேலையைப் பெயர் வைத்துக் கூப்பிடலாம். புதியதில் வரி எண் சொல்லித்தான் அழைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் திரையில் பார்த்துப் படிக்கும் நாற்பத்திரண்டு பாடப் புரோகிராம்களையும் அவள்தான் வரி வரியாக மாற்றி எழுதினாள்.

அங்கேயே வேலை பார்த்த ஹம்தானை மணந்ததும் மாமியார் சைத்தூன் பீவி அவளை வீட்டோடு நிறுத்திவிட்டார். மஸ்கட்டில் ஒரு பயிற்சி நிலையம் இதே வேலைக்கு ஆள் கேட்டது. ஹம்தான் அவளுடைய பாடங்களைத் தன் பெயரில் கொண்டுபோனான்.

"யார் பேர்ல போனா என்ன? நாளைக்கு நாம ரெண்டு பேருந்தானே அங்க இருக்கப்போறோம்" என்றான். அவளும் நம்பினாள்.

அங்கே இருந்த மெஷினில் இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை பேசிக். முதல் வெள்ளிக்கிழமையே போன் வந்தது.

"எழுத்தெல்லாம் எங்கெங்கயோ போய் நிக்குது, அனீஸா. மேனேஜர் முறைக்கிறாரு."

"திரையில இடம் சொல்றதுக்கு அந்த மெஷின் புத்தகத்துல என்ன போட்டிருக்கு? படிங்க."

படித்தான்.

"அதுல குறுக்கேதான் முதல்ல. நம்ம பிசியில வரிசை முதல்ல. ரெண்டு எண்ணையும் இடம் மாத்துங்க. அது பூஜ்யத்துலேருந்து எண்ணுது, அதனால ரெண்டுலயும் ஒண்ணு கழிங்க."

நான்கு வருஷ வெள்ளிக்கிழமைகள் இப்படியே போயின. விசா மட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனது.

விடுமுறையில் வந்தவனுக்கு விருந்து வைத்தார்கள். "தனியாளா எப்படி மாப்ளே சமாளிச்சே?" என்று கேட்டார் தாய்மாமன் மூஸா.

"யோசிச்சு யோசிச்சு நானே கண்டுபிடிச்சேன் மாமா" என்றான் ஹம்தான். அவள் கையில் சோற்றுத் தட்டோடு நின்றாள்.

அறைக்குள் வந்ததும் கேட்டாள். "ஒரு வார்த்தை என் பேரைச் சொல்லக்கூடாதா?"

"பொண்டாட்டி சொல்லிக்குடுத்து வேலை பாக்குறான்னு சிரிக்கவா?"

அவன் திரும்பிப் போன பிறகு அவள் போனை எடுக்கவில்லை. ஹம்தானுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அதற்குள் மேற்பார்வையாளன் ஆகியிருந்தான். அவனுக்குக் கீழே நான்கு பேர் புரோகிராம் எழுதினார்கள்.

அடுத்த ஜூனில் ஊரில் ஒரு பள்ளிக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் தேவைப்பட்டது. மாமியார் பேச்சை மீறி அனீஸா போனாள். சென்டர் மூடிவிட்டதால் அனுபவச் சான்றிதழ் வாங்க வழியில்லை. தாளாளர் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"நம்ம ஹம்தான் சம்சாரமா நீங்க? அவரு பெரிய ஆளாச்சே! அவர்கிட்டயே கொஞ்சம் கத்துக்கிட்டிருக்கலாமேம்மா."

வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதன்பின் அவள் எங்கேயும் விண்ணப்பம் போடவில்லை.