பில்பாவோவில் காகம் தேடியவர்

பேரின்பநாயகம் இத்தாலியின் பலெர்மோவில், கால்சாப் பக்கம், கிளறா சின்யோரா என்ற கிழவியின் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். கூட்டுவது, துடைப்பது எல்லாம் அவர்தான். ஆனால் முக்கியமான வேலை சாப்பிடுவது. கணவர் ஜோக்கிம் செத்ததிலிருந்து, எதிரே ஒருவர் இருந்து சாப்பிட்டால்தான் சின்யோராவுக்குத் தொண்டையில் இறங்கும். அதே ஊர்க் கபோச் சந்தையில் மீன்பெட்டி தூக்கும் எனக்கு இப்படி ஒரு உத்தியோகம் வாய்க்கவில்லையே என்று எரிச்சல்தான்.

ஜோக்கிம் மனைவியை ஸ்பெயினில் உள்ள பில்பாவோவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார். அந்த ஊர்க் கருவாட்டு மீனை உள்ளியும் ஒலிவ் எண்ணெயும் விட்டுச் சமைப்பார்களாம். அதை அங்கேயே இருந்து சாப்பிட வேண்டும் என்பது சின்யோராவின் ஆசை. கடைசியில் பேரின்பநாயகத்தோடு புறப்பட்டார். பேரின்பநாயகம்தான் நாள் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்கு மேசை பிடித்திருந்தது புரட்டாசிச் சனிக்கிழமை.

அவருக்கு ஏழரைச் சனி. சனிக்கிழமைகளில் காகத்துக்குச் சோறு வைத்து, அது தொட்ட பிறகுதான் தான் சாப்பிடுவார். மனைவி ரதி கட்டிக்கொடுத்த எள்ளுச்சோறு கையில் இருந்தது. காகத்தைத்தான் காணோம்.

நெளிந்து வளைந்து மின்னும் பில்பாவோவின் பெரிய அருங்காட்சியகத்தின் முன்னால், பூக்களால் செய்த பெரிய நாய்ச் சிலையின் காலடியில் சோற்றை வைத்துவிட்டு, "கா... கா..." என்று கத்தினார். சனம் கூடியது. இதுவும் நவீன கலை என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ரசித்தாள். பாவி மனுசன் பசியில் கத்துகிறான்!

ஒரு கடற்பறவை வந்து இறங்கியது. உடனே ரதிக்குப் போன் எடுத்தார்.

"இஞ்சை ஒரு வெள்ளைப் பறவை நிக்குது. சரிவருமோ?"

"சனீஸ்வரன் எப்ப வெள்ளையில வந்தவர்? காகம் தொடாமல் வாயில வைச்சியளெண்டால் வீட்டுப் பக்கம் வராதேங்கோ."

பறவையைத் துரத்தினார். கைதட்டல் கேட்டது.

மதியச் சமையல் முடியப் போகிறது, மாலையில் விமானம். கடைகளில் பாண்துண்டுகளின் மேல் மீனும் இறைச்சியும் குச்சி குத்தி அடுக்கியிருந்தன. சின்யோரா ஒன்றையும் தொடவில்லை.

"நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ, சின்யோரா. நான் பக்கத்தில இருக்கிறன்."

"இருந்தால் காணாது. நீ சாப்பிட வேணும்." அவருடைய குரல் உடைந்தது. "அந்த மனுசன்தான் ஏமாத்திப்போட்டுப் போனான். நீயுமோ?"

பேரின்பநாயகத்துக்கு அழுகை வந்துவிட்டது. சனியனுக்குப் பயப்படுவதா, இந்தக் கிழவிக்கு இரங்குவதா?

சின்யோரா அவருடைய சனி, காகக் கதை முழுவதையும் கேட்டார். ஜோக்கிம் போனதிலிருந்து கழற்றாத தன் கறுப்பு உடுப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு சோற்றைப் பொதியோடு எடுத்து, ஒரு வாய் அள்ளிப் போட்டார்.

"கா" என்றார், கரகரத்த குரலில்.

சனம் ஆரவாரம் செய்தது. இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போய், சமையலறை மூட முன்னர் உட்கார்ந்தார்கள். அவர் சுட்ட மிளகாயும் பாணும் சாப்பிட்டார். சின்யோரா மீனைச் சாப்பிட்டு, தட்டில் இருந்த எண்ணெயைப் பாணால் துடைத்து, எதிரே இருந்தவரை "ஜோக்கிம்" என்று கூப்பிட்டு, நல்லாயிருக்கு என்று அழுதார். பேரின்பநாயகம் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரதி கேட்டாள்: "காகம் வந்ததோ?"

"ஓம், வந்தது. கொஞ்சம் வயசான காகம். புருசன் இல்லை. பிறகு மீனும் சாப்பிட்டது."