ஆர்ஜென்டினாவின் மரண அறிவித்தல்

போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்துச் சுவரில் ஒருவர் மரண அறிவித்தல் ஒட்டிக்கொண்டிருந்தார். கையில் தகர டப்பா, அதில் கோதுமை மாவுப் பசை. கொஞ்சம் புளித்த, கொஞ்சம் அடிப்பிடித்த வாசனை. அது மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு யாரோ இறந்துவிட்டார் என்றுதான் தோன்றும். எனக்கு முதலில் தோன்றுவது, பிரேசில் ஜெயித்துவிட்டது என்பது.

சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பசையைக் காய்ச்சியது நான்தான். இரண்டு கரண்டி மா, ஒரு கோப்பை தண்ணீர், கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். அளவுகளை ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். சிறு வயதிலேயே எனக்கு அந்த வியாதி உண்டு. எதையும் எண் போட்டு எழுதாவிட்டால் அது நடந்ததாகவே தோன்றாது. இப்போது ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் காலையிலிருந்து மாலைவரை இரத்தக் குழாய்களுக்கு எண் போடுகிறேன். வியாதிக்கேற்ற வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா சொல்வார்.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். மேல் லயம் பிரேசில், கீழ் லயம் ஆர்ஜென்டினா. யார் எப்போது பிரித்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை இது என் அப்பாவும் செல்வராஜ் மாமாவும் தொடங்கியது. மாமா அம்மாவின் அண்ணன், கீழ் லயத்தில் இருந்தார். அப்பாவும் அவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே நாளில் தோட்ட வேலைக்குப் பெயர் பதிந்து, ஒரே மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர்கள். எல்லாமே ஒன்றாக இருந்ததால் சண்டை போட ஏதாவது வேண்டியிருந்திருக்கலாம். அப்பா மஞ்சளை எடுத்தார், மாமா நீலத்தையும் வெள்ளையையும் எடுத்தார்.

அந்த இரண்டு நாடுகளும் எங்கே இருக்கின்றன என்று இருவருக்கும் தெரியாது. ஆறாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த தேசப்படப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அப்பா விரலால் எல்லைக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அட, ரெண்டும் பக்கத்து பக்கத்து ஊரா? அதான் இவ்வளவு எரிச்சலு."

"நடுவுல பீலி இருக்கா பாரு பாப்பா," என்றார் மாமா. "தண்ணிக்கு சண்ட வந்திருக்கும்."

பீலி என்பது இரண்டு லயத்துக்கும் நடுவே தண்ணீர் விழும் குழாய். எங்கள் ஊர் உலகப் போர்கள் எல்லாம் அங்கேதான் நடந்தன.

இனி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தோற்ற அணிக்கு ஜெயித்த லயம் சாவு எடுக்கும். மூங்கிலும் கவ்வாத்தில் விழுந்த மிலாறுக் குச்சிகளும் சேர்த்துப் பாடை. மானாப் புல் திணித்த பொம்மை, அதற்கு அந்த அணியின் நிறத்தில் சட்டை. முன்னால் தப்பு மேளம். இவ்வளவும் பெரியவர்களின் வேலை. மரண அறிவித்தல் எழுதுவது என் வேலை, எழுத்து அழகாக இருக்கும் என்பதால். ஊர்வலம் தோற்ற பக்கத்துத் தலைவரின் வாசலில் போய் நிற்கும். அந்த வீட்டார் வந்த எல்லோருக்கும் சாயத்தண்ணி, அதாவது பால் விடாத தேநீர், கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பாடையை எடுக்கமாட்டார்கள். ஒரு உலகக் கோப்பையில் பிரேசில் யாரிடமோ தோற்றபோது மாமா எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் பாடையை இறக்கிவிட்டு, அப்பாவின் தோளில் விழுந்து ஒப்பாரி வைத்தார். அப்பாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. மாமாவின் மனைவி பாக்கியம் அத்தை பின்னாலேயே வந்து, "ஏங்க, சாவு வீட்டுல சீனி போட மாட்டாங்களா?" என்று இரண்டாவது கோப்பை வாங்கிக் குடித்தார்.

நான் சொல்ல வந்த ஆட்டம் தென்னமெரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டம். பிரேசிலும் ஆர்ஜென்டினாவும். எங்கள் தோட்டத்தில் அதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. இங்கே எல்லோரும் தூங்கும்போது அங்கே ஆடி முடித்துவிட்டார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் புறப்படும்முன் அப்பா வானொலிச் செய்தியில் கேட்டார். மூன்றுக்குப் பூச்சியம். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே தலையில் கட்டிக்கொண்டு என்னை எழுப்பினார்.

"பாப்பா, எந்திரி. ஆர்ஜென்டினா போய்ச் சேந்திருச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒடனே எழுதிரு."

அன்று கணிதப் பாடத்திலேயே மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். இன்றும் வரிக்கு வரி நினைவிருக்கிறது, மறக்க முயன்றும்.

"தென்னமெரிக்காவைப் பிறப்பிடமாகவும் கீழ் லயத்தை வசிப்பிடமாகவும் கொண்ட திருவாளர் ஆர்ஜென்டினா அவர்கள் இன்று அதிகாலை மூன்று கோல்களால் அகால மரணமடைந்தார். அன்னார் செல்வராஜ் – பாக்கியம் தம்பதியினரின் பாசமிகு வளர்ப்புப் பிள்ளையாவார். பிரிவால் துயருறுவோர்:"

துயருறுவோருக்கு எண் போட்டேன். ஒன்று, மாமா. இரண்டு, பாக்கியம் அத்தை. மூன்று, அவர்கள் மகன் குமார் அத்தான். நான்கு, அவர்கள் வீட்டு நாய். அத்தையின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "படுத்த படுக்கையாக" என்று எழுதினேன். துக்கத்தில் விழுந்து கிடக்கிறார் என்று அர்த்தம். அப்பா வாசித்து, அந்த இடத்தில்தான் அதிகம் சிரித்தார்.

எங்களுக்குத் தெரியாதது இதுதான். அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை ரயிலில், மாமா அத்தையைக் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்தார். வயிற்று வலிக்குக் காட்டப் போயிருக்கிறார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள் என்பதை மாமா இன்னும் தங்கையிடம் சொல்லவில்லை. இரவு மழை, காலையில் சொல்லலாம் என்று இருந்திருக்கிறார். காலையில் அம்மாவுக்கு வேறு மலையில் கொழுந்து பறிக்கும் வேலை. அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரே மலைதான், ஆனால் மாமா அன்று பெரட்டுக்கு வரவில்லை. "தோத்த வெக்கம், மூஞ்சி காட்ட மாட்டாரு," என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ஆடி மாத மழை, பொம்மையின் நீலச் சாயம் பாடையில் ஒழுகியது. பீலிச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். கீழ் லயத்தின் முதல் வீட்டுக் காம்பராச் சுவரில் இன்னொன்று. ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். வழக்கமாகக் கூச்சல் போடுவார்கள், அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் கையை உயர்த்தி ஏதோ சொன்னார், தப்புச் சத்தத்தில் கேட்கவில்லை.

"பாத்தீங்களா, எப்படி அடிபட்டுக் கெடக்காங்கன்னு," என்றார் அப்பா.

பாடையை மாமாவின் வாசலில் இறக்கினார்கள். தப்பு உச்சத்துக்குப் போனது. மாமா வாசலில் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். அப்பாவைப் பார்த்தார், பாடையைப் பார்த்தார், என் கையில் மிச்சமிருந்த தாளைப் பார்த்தார்.

"மச்சான், தப்ப நிறுத்தச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் நின்றதும் உள்ளே இருமல் கேட்டது. பிறகு அத்தை, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வெளியே வந்தார். அத்தையின் கால்கள் இரண்டும் வீங்கி, என் கால்களைவிட இரண்டு மடங்காக இருந்தன. முகம் ஊதி, கண்கள் சின்னதாகியிருந்தன. அப்பாவின் தலையிலிருந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்று நான் பார்க்கவில்லை.

"யாரு செத்தான்னு கேட்டேன், இவரு சொல்ல மாட்டேங்குறாரு," என்றார் அத்தை. "குடு பாப்பா."

கொடுக்காமல் இருந்திருக்கலாம். மழையில் நழுவவிட்டிருக்கலாம். வாய்க்காலில் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். இப்படி ஏழெட்டு வழிகள் பின்னாளில் எழுதி வைத்தேன். அன்று, பெரியவர் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. கொடுத்தேன்.

அத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார். இரண்டாம் எண்ணுக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார். பிறகு சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், அதைத்தான் என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை.

"சரியாத்தான் எழுதியிருக்கு. என்னங்க, நிக்கிறீங்க? சாயத்தண்ணி போடுங்க. வந்தவங்கள சும்மா அனுப்புவாங்களா."

மாமா உள்ளே போய்க் கேத்தலில் தண்ணீர் வைத்தார். நாங்கள் பதினைந்து பேர் மழையில் நின்று, வாங்கிக் குடித்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்பா கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மச்சான், எனக்குத் தெரியாது," என்றார். "தெரியும் மச்சான்," என்றார் மாமா. அவர் சொன்னதற்கு, உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும் என்பது பொருள்.

சுவரில் ஒட்டிய இரண்டு தாள்களையும் அன்றே கிழிக்கப் போனேன். என் பசை நல்ல பசை. நடுவில் மட்டும் கிழிந்தது, ஓரங்கள் ஒட்டியே இருந்தன.

மூன்றாவது வாரத்தில் அத்தை போய்விட்டார். தப்படித்தவர்கள் அதே ஆட்கள், தோட்டத்தில் வேறு யார் இருக்கிறார்கள். அப்பா குழி வெட்டினார். மாமா தடுக்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. தோட்டத்தில் யார் இறந்தாலும் அறிவித்தல் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அத்தையின் அறிவித்தலை மாமா ஹட்டனில் அச்சடித்துக்கொண்டு வந்தார்.

பல வருடங்கள் கழித்துக் குமார் அத்தான், தனக்கும் அந்த நோய் வருமா என்று கேட்டு, அத்தையின் பழைய கிளினிக் அட்டையைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். இப்போது எனக்கு அந்த எண்களை வாசிக்கத் தெரியும். இரண்டு சிறுநீரகங்களும் அநேகமாக நின்றுவிட்ட எண்கள். ஒரு தாளால் யாரும் சாவதில்லை என்று அந்த அட்டை எனக்குச் சொல்கிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த எண்களோடுதான் ஸ்டேஷனிலிருந்து கீழ் லயம்வரை அத்தை நடந்து வந்திருக்கிறார் என்பதையும் அதே அட்டைதான் எனக்குக் காட்டுகிறது.

அப்பாவும் மாமாவும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் யாராவது நடுவில் உட்கார்ந்து தீர்த்திருப்பார்கள். பீலியில் சந்தித்தால் "சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வருடம் மாமா, அத்தானோடு வத்தளைப் பட்டணத்துக்குக் குடிபோனார். போகும்போது எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். அப்பா அவருடைய பெட்டியை ஸ்டேஷன்வரை தூக்கிப் போனார். வழியில் என்ன பேசினீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "மழையப் பத்தி," என்றார்.

பிறகு, மாகாணம் விட்டு மாகாணம் போகவே தடை இருந்த தொற்றுநோய்க் காலத்தில், அதே கோப்பைக்கு அதே இரண்டு அணிகளும் மோதின. எங்களுக்கு அது ஞாயிறு விடியற்காலை. யாரோ முகநூலில் திருட்டுத்தனமாக ஓடவிட்டதை அப்பாவும் நானும் என் ஃபோனில் பார்த்தோம். ஒரே ஒரு கோல். ஆர்ஜென்டினா ஜெயித்தது. அப்பா எழுந்து இஸ்தோப்பைக் கூட்டினார். பெரிய கேத்தலை அடுப்பில் ஏற்றினார்.

"யாருக்குங்க இவ்வளவு?" என்றார் அம்மா.

"யாராச்சும் வந்தா?"

கீழ் லயத்துப் பையன்கள் அப்போதே இரண்டு அணிகளின் ஜேர்சியையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள். எட்டு மணிவரை யாரும் வரவில்லை. அப்பா உள்ளே வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"பாப்பா, பிரேசிலுக்கு ஒண்ணு எழுது. மொத ஆளா என்னையப் போடு. எழுதி மாமாவுக்கு அனுப்பு."

எழுதினேன். துயருறுவோர்: ஒன்று, அப்பா. இரண்டாவது எண்ணைப் போடவில்லை. படமெடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில், பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. அப்பாவுக்கு அவற்றின் அர்த்தம் தெரியாது.

"பாத்துட்டாரா?"

"பாத்துட்டாருப்பா."

மறுநாள் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். நான்காம் நாள் மாமா அம்மாவோடு பேசினார். அத்தானின் பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொன்னாராம். அம்மா ஃபோனை நீட்டினார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வாங்குவதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். வேண்டுமென்றே வைத்தாரா, சிக்னல் போனதா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பள்ளத்தில் சிக்னல் அடிக்கடி போகும்.

கீழ் லயத்தில் இப்போது ஆட்கள் இல்லை. மண் சரியும் என்று எல்லோரையும் எழுப்பி வேறிடம் அனுப்பிவிட்டார்கள். மாமாவின் காம்பராவுக்குக் கூரைத் தகரம் இல்லை. பாடை கட்டுவதில்லை. தோற்ற அணிக்கு மாலை போட்ட படம் ஃபோனுக்கு வருகிறது, கூடவே அழுகிற மஞ்சள் முகங்கள். யார் வீட்டு வாசலிலும் அது வந்து நிற்பதில்லை. யாரும் சாயத்தண்ணி போட வேண்டியதில்லை.

கடைசி உலகக் கோப்பைக்கு அப்பாவுக்கு ஒரு பிரேசில் ஜேர்சி வாங்கிக் கொடுத்தேன். ஆட்டம் பார்க்க உட்காரவில்லை. "நீ பாத்துட்டு சொல்லு," என்றார். குளிர் தாங்கும் என்று அதைச் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொண்டு கவ்வாத்துக்குப் போகிறார். கழுத்துப் பட்டி மட்டும் வெளியே மஞ்சளாகத் தெரியும். மலையில் யாரும் அதைப் பார்த்துக் கேலி செய்வதில்லை.