கருகல் வாடை

பட்டறையில் அவருக்குப் பெயர் மூக்கன். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி எது வந்தாலும் கியர் எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோவார். "எண்ணெய் வெந்து கருகிப்போச்சு" என்றால் கருகியதுதான்; மறுபேச்சுக் கிடையாது. அந்தத் தலைக்கனத்தில், கூட வேலை பார்த்த மச்சினனிடம், பெண்டாட்டியின் தம்பி என்றும் பாராமல், வந்தவர்கள் எதிரிலேயே "உனக்கு மூக்கு எதுக்குடா, சளி சிந்தவா?" என்பார். அவன் சிரித்து வைப்பான்.

ஒரு விஷக்காய்ச்சலில் படுத்து எழுந்தபோது அவருக்கு வாசனை போயிருந்தது. சோப்பும் பெட்ரோலும் ஒன்றாகிவிட்டன. யாரிடமும் மூச்சு விடவில்லை. கண்ணை வைத்து ஒப்பேற்றினார். சிவப்பாக இருந்தால் நல்ல எண்ணெய். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. தேய்மானம் என்றால் விரலில் இரும்புத்தூள் நெருடும். முகர்வதுபோல் முகர்ந்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அப்போதுதான் சரக்கு வேன்காரர் வந்தார்.

"மேடு ஏறினா எஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குதுண்ணே. நேத்து நானே கொஞ்சம் எண்ணெய் ஊத்திப் பாத்தேன்."

புது எண்ணெய் கலந்ததில் நிறம் தேறியிருந்தது. மூக்கன் கம்பியை உருவி முகர்ந்தார். பக்கத்தில் நின்ற மச்சினன் முகம் சுளித்தது கண்ணில் பட்டது. வெயிலுக்கு என்று நினைத்தார்.

"சீல் கசிஞ்சு எண்ணெய் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். சீலை மாத்தி ஊத்தித் தரேன். தைரியமா ஓட்டு."

அடுத்த வாரமே ஒரு மேட்டில் கியர் பிடிவிட்டு வேன் நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரி இடித்தது. வேன்காரருக்கு வலது கால் முழங்காலோடு போயிற்று.

ஊன்றுகட்டையோடு அவர் பட்டறைக்கு வந்த அன்று, மச்சினன் அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தான். வெல்டரையும் பெயின்டரையும் கூப்பிட்டான். எண்ணெய்த் துணியால் மூக்கனின் கண்ணைக் கட்டினான். வேன்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது முரண்டு பிடிக்க மூக்கனால் முடியவில்லை.

"மாமா, இது என்னன்னு சொல்லுங்க."

மூக்கின் கீழே ஒரு கிண்ணம் வந்தது. அவர் நெடுநேரம் இழுத்து இழுத்து முகர்ந்தார். "கருகின எண்ணெய்."

பெயின்டர் ஓங்கரித்தான். வெல்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். துணியை அவிழ்த்தபோது கிண்ணத்தில் இருந்தது சாக்கடைத் தண்ணீர். வேன்காரர் சிரிக்கவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"அன்னிக்கு உனக்குத் தெரிஞ்சுதா?" என்று மூக்கன் கேட்டார்.

"கம்பிய உருவினதுமே கருகல் வாடை குப்புனு அடிச்சுது."

"ஏன்டா சொல்லல?"

"என் மூக்கு சளி சிந்தத்தானே மாமா."

வீட்டில் மனைவியிடம் பொருமினார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"காய்ச்சல் விட்ட வாரமே பால் கருகி வீடே நாறுச்சு. நீங்க அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. அப்பவே தம்பிகிட்ட சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா அடிப்பீங்க."

விஷயம் ஊரெல்லாம் பரவ, அவர் நடத்திவந்த பட்டறை மச்சினன் கைக்குப் போனது. மூக்கன் பின்பக்கம் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் பல்சக்கரம் கழுவினார். வேறு எங்கும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. புது ஆள் யாராவது வண்டி கொண்டுவந்தால் மச்சினன் முன்னாலிருந்து குரல் கொடுப்பான்: "மாமா, இதக் கொஞ்சம் மோந்து பாருங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். எல்லோரும் பார்க்க, நீட்டிய கம்பியைக் குனிந்து முகர்வார்.

"தெரியலப்பா" என்பார்.

"சத்தமா, மாமா."


"தெரியல."