அம்மாக்களுக்கும் ஒரு வகுப்பு

பம்மலில் எங்கள் தெருமுனை அரசு நடுநிலைப்பள்ளியில்தான் என் மகள் படிக்கிறாள். வரும் வருடங்களில் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். நான் ஸ்மார்ட் போர்டு கேட்டேன். இன்னொருவர் சுற்றுச்சுவரை உயர்த்தச் சொன்னார்.

கடைசி பெஞ்சிலிருந்து சுனிதா எழுந்தாள். பீகாரிலிருந்து வந்து இங்கே தோல் பட்டறையில் வேலை செய்பவள். இவளுக்குத் தமிழே சரியாக வராதே, என்ன பேசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"டீச்சர், எனக்கும் தமிழ் சொல்லிக் குடுங்க. வூட்ல பொண்ணு, பையன் தமிழ்லயே பேசுது, சிரிக்குது. எனக்குப் புரியல. நானும் சும்மா கூட சிரிக்கிறேன்."

சொந்தப் பிள்ளைகளின் பேச்சே புரியாமல் ஒரு தாய் இருப்பாள் என்று நான் யோசித்ததே இல்லை.

தலைமையாசிரியை பதில் சொல்வதற்குள், "நான் சொல்லித் தர்றேன் மேடம், ஒரு ரூம் மட்டும் குடுங்க" என்று கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மதியங்களில் ஒன்றாம் வகுப்பு அறை கிடைத்தது. சுனிதாவோடு இன்னும் சில அம்மாக்கள் வந்து, குட்டி பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் சுனிதா வாசலிலிருந்தே கத்தினாள்.

"அக்கா, புரிஞ்சிடுச்சு! நான் குறட்டை வுடறேன்னுதான் ரெண்டும் சிரிக்குது!"

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று எங்களுக்குப் பாடமே நடக்கவில்லை.

அதுவரை பள்ளிக்கூடம் என்பது எனக்கு மகளை கேட்டில் விட்டுவிட்டுத் திரும்பும் இடம். இப்போதெல்லாம் சனிக்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது.