எங்கள் காலண்டரில் மே மாதம் கிடையாது

பள்ளிக்கூட ஆயா வேலையில் சேர்ந்த அன்றைக்கே நமக்கு வயசாகிவிடும். எனக்கு இருபத்தொன்பதில் ஆனது. யூகேஜி பிள்ளைகள் முதல் அவர்களைக் கூட்டிப்போக வரும் தாத்தாக்கள் வரை எல்லோருக்கும் நான் ஆயாதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தனியார் பள்ளிகளில் ஆயா, வாட்ச்மேன், வேன் அக்கா என்று குப்பை கொட்டும் என் இனத்தவர்களே, நமக்கு மே மாதச் சம்பளம் இல்லாததைத்தான் பொறுக்க முடிவதில்லை. பிள்ளைகள் வரவில்லையாம், அதனால் சம்பளமும் வராதாம். வயிறு மட்டும் லீவு போடாது. மே வந்தால் நான் பஸ் ஏறித் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டப் போய்விடுவேன். இந்த வருசம் பள்ளிக்கூடத்திலேயே மே சம்பளத்தை வாங்கிவிட்டுத்தான் மறுவேலை என்று சபதம் போட்டேன்.

ஒரு நாள் லைப்ரரியன்

முதலில் பிரின்சிபால் மிஸ்ஸிடம் கேட்டேன். "இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியா முடியட்டும், கரஸ்பாண்டன்ட் ஐயாகிட்டச் சொல்றேன்" என்றார். இன்ஸ்பெக்‌ஷன் அன்று பார்த்தால் லைப்ரரிக்கு ஆளே இல்லை. எப்போதுமே இல்லை, அன்றுதான் கவனித்தார்கள். எனக்கு ஒரு காட்டன் சேலையும் கணக்கு மிஸ்ஸின் கண்ணாடியும் மாட்டி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். கண்ணாடி போட்டதும் அலமாரியெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. என் வரையில் லைப்ரரி பெரிதாகிவிட்டது.

அதிகாரி உள்ளே வந்து ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "இதையெல்லாம் எப்படிப் பராமரிக்கறீங்க?" என்றார். "ஈரத்துணி போட்டுத் தொடைப்பனுங்க சார்" என்றேன். பிரின்சிபால் மிஸ் இருமினார். அதற்குள் வகுப்பிலிருந்து ஓடிவந்த எல்கேஜி வாண்டு ஒன்று என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஆயா, கக்கா வருது!" என்றது. அதிகாரி புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "போயிட்டு வாங்கம்மா. லைப்ரரி காத்திருக்கும், அது காத்திருக்காது."

ஆள் பிடிக்கப் போனது

இன்ஸ்பெக்‌ஷன் எப்படியோ தேறியது. உடனே மிஸ் அடுத்த கொக்கியைப் போட்டார்: "ஒரே ஒரு அட்மிஷன் பிடிச்சுக் குடுங்க, கட்டாயம் பேசறேன்." ஏப்ரல் வந்தால் டீச்சர், ஆயா எல்லோரும் நோட்டீஸும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளின் சம்பிரதாயம். நானும் மிஸ்ஸும் போனோம். காங்கேயம் ரோட்டில் ஒரு வீட்டில் மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள். நான் விட்டேன் பாருங்கள் கதை: ஸ்மார்ட் கிளாஸ், கராத்தே, நீச்சல் குளம். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் இடத்தைத்தான் நீச்சல் குளம் என்றேன்.

அந்த வீட்டம்மா சொக்கிப்போய், "உங்க கொழந்தையும் அங்கதானுங்களா படிக்குது?" என்றார். மோர் குடித்த குளிர்ச்சியில் உண்மை வந்துவிட்டது. "இல்லீங்க, எம் பொண்ணு கவர்மென்ட் ஸ்கூலுங்க. அருமையாப் படிக்குதுங்க!" அந்தம்மா நோட்டீஸை மடித்து மிஸ்ஸிடமே நீட்டிவிட்டு என்னைக் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, அந்த கவர்மென்ட் ஸ்கூலு எங்கீங்க இருக்குது?"

முட்டை வைக்காத கோழி

இனி மிஸ்ஸை நம்பிப் பயனில்லை. கடைசி வேலை நாளில் வாட்ச்மேன் பழனிச்சாமி அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கரஸ்பாண்டன்ட் ஐயாவின் ரூமுக்கே போனேன். ஐயாவுக்குப் பள்ளிக்கூடம் பக்கத் தொழில்தான். மெயின் தொழில் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கோழிப்பண்ணை. "லீவுல வேலையே இல்லீங்களே அம்மணி, சம்பளம் எப்படீங்க தாரது?" என்றார். எங்கள் பக்கத்து மரியாதையில் 'முடியாது' என்பதுகூடக் காதுக்கு இனிப்பாகத்தான் இருக்கும். எனக்கு வந்த கோபத்தில் கண்ணீர்தான் வந்தது. வருசம் பூராவும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டவளுக்கு ஒரு மாதம் சோறு போட மனசில்லையா?

அண்ணன்தான் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "முட்டை வெக்காத கோழிக்குத் தீவனத்தை நிறுத்திப்போடறீங்களாங்க ஐயா?"

ஐயா யோசித்தார். நாங்களும் யோசித்தோம். முட்டை வைக்காத கோழியை அவர் கறிக்கடைக்கு ஏற்றிவிடுவார் என்பது எங்களுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அண்ணன் மெதுவாகத் தொப்பியை மாட்டிக்கொண்டார். ஆனால் ஐயா முகமெல்லாம் மலரச் சொன்னார்: "நாயந்தானுங்க. மே மாசச் சம்பளம் முழுசா உண்டுங்க. நாளைக்குக் காத்தால ரெண்டு பேரும் நேரா பண்ணைக்கு வந்துருங்க, கோழிகளுக்கு ஏதுங்க லீவு?"

வருசா வருசம் மே மாதம் வேறு வேலைக்குப் போய்த்தான் சம்பளம் வாங்கினேன். போராடி உரிமையை வென்றதில் இந்த வருசம் பஸ் செலவு மிச்சம்.